கருவாட்டு ஈக்குக் கடல் தேவையில்லை
கருவாடு காயும் கரையில் மொய்க்கும் நீலப்பச்சை ஈயைக் கடலோரப் பூச்சி என்றே பலர் நினைக்கிறார்கள். 1794-இல் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் விவரித்த கிரைசோமியா மெகாசெஃபலா அது. அதற்கு வேண்டியது கடலல்ல. ஈரமும் புரதமும் வெப்பமும்தான். முட்டை ஏறக்குறைய ஒரே நாளில் பொரியும். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்குள் புது ஈ பறக்கும். அப்படியானால் கரையில் ஏன் இத்தனை கூட்டம்? அங்கே மீன் திறந்து கிடக்கிறது, அவ்வளவே. கடலே இல்லாத கள்ளக்குறிச்சியில் இறைச்சிக் கழிவும் மலமும் போதும். அங்குள்ள கல்வராயன் மலைக் குளிர் தடுக்காதா என்று கேட்கலாம். குளிர் புழுவின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும், அடியோடு நிறுத்திவிடாது. 1970-களில் பிரேசிலுக்கே போய்க் குடியேறிய இனத்துக்கு இந்த மலை எம்மாத்திரம்? இந்த ஈயைக் கட்டுப்படுத்த மருந்தடிப்பதைவிட, சந்தைக் கழிவை அன்றன்றே புதைப்பதும் கருவாட்டுக்கு உப்பைக் குறைக்காமல் போடுவதுமே பலன் தரும்.