காசு தராத அப்பாவின் சம்பளம்

என் பக்கத்து வீட்டு அக்கா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கூலி வேலை செய்து மகளை பிளஸ் டூ முடிக்க வைத்தார். கணவர் விட்டுப்போய் 9 வருஷம். கல்லூரிக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்க, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. வருமானச் சான்று கேட்டபோது, "அப்பா சம்பளத்தையும் சேர்க்கணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். சல்லிக்காசு தராதவர் சம்பளம் எப்படி இந்தக் குடும்பத்து வருமானமாகும்?

நானும் கூடப் போய், இ-சேவை மையத்தில் 'கணவனால் கைவிடப்பட்ட பெண்' சான்றுக்கு மனு கொடுத்தோம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணைக்குப் பிறகு கிடைத்தது. அதை இணைத்ததும் அக்காவின் கூலியை மட்டும் கணக்கிட்டு வருமானச் சான்று தந்தார்கள். அங்கே மறுத்திருந்தால், பொன்னேரி வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் மேல்முறையீடு செய்திருப்போம்.

தோழிகளே, வாய்வார்த்தையைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெண்ணின் படிப்பு ஒரு காகிதத்தால் நின்றுவிடக் கூடாது!

- ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி.