புகையும் மிதிவண்டியும்

1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அத்தொழிலும், அதன் பின் வளர்ந்த பட்டாசுத் தொழிலும் மழை பொய்த்த கரிசல் பூமிக்குச் சோறிட்டன. தீபாவளி இரவில் நாடெங்கும் ஒளிர்வது இம்மக்களின் உழைப்பே. ஆயினும், ஒளி மறைந்த பின்னும் புகை நிற்கிறதே! விடியலில் மிதிவண்டியேறிப் புறப்படும் மாணவன் என் செய்வது?

பட்டாசுப் புகையாயினும், வேனிலில் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் பற்றும் காட்டுத்தீயின் புகையாயினும், பெருந்தீங்கு செய்வன நுண்துகள்களே. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கேயாகும். மூக்கு அதனைத் தடுக்க மாட்டாது. அது நுரையீரலின் காற்றறை வரை செல்லும். தொலைவும் அதற்குத் தடையன்று. 2023 ஜூனில் கனடா நாட்டுக் காட்டுத்தீயின் புகை, நியூயார்க் நகரத்து வானத்தையே செம்மஞ்சளாக்கிற்று.

அமர்ந்திருப்பவன் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உட்கொள்கிறான்; மிதிவண்டி மிதிப்பவனோ 30 லிட்டருக்கு மேலும் உட்கொள்வான். காற்று ஒன்றே, உட்புகும் நஞ்சு பன்மடங்கு. விரைந்து மிதித்துத் தப்பிவிடலாம் என்று எண்ணற்க. விரைவை இரட்டித்தால் நேரம் பாதியாகும். காற்றின் எதிர்ப்பை வெல்வதற்கான திறனோ எட்டு மடங்காகும். மூச்சும் அதற்கேற்பப் பெருகும்.

இரவில் நிலம் குளிர்வதால் அடிக்காற்றும் குளிர்ந்து, மேலுள்ள வெம்மையான காற்று அதனை மூடிபோல் அடைத்து விடுகிறது. புகை வெளியேற வழியில்லை. வெயில் ஏறிய பின்னரே அம்மூடி திறக்கும். ஆகவே, புகை மண்டிய நாளில் பயணத்தைத் தாமதித்தல் நன்று. காற்றுத்தரக் குறியீடு 200-ஐக் கடந்தால் அது மோசமான காற்று. அன்று பேருந்தை நாடுக. செல்லத்தான் வேண்டுமெனில் மெல்லச் செல்க. கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 கவசம் தடுக்கும். ஆயினும் கந்தக டை ஆக்சைடு போன்ற வாயுக்களை அதுவும் தடுக்காது. ஆஸ்துமா உடையோர் அன்று மிதிவண்டியைத் தவிர்த்தலே தகும்.

பசுமைப் பட்டாசுகளையே விற்கவும் வெடிக்கவும் வேண்டுமென 2018-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவை புகையைக் குறைக்கும், ஒழித்துவிடா. தொழிலும் வாழ வேண்டும். மூச்சும் வாழ வேண்டும். புகையின் இயல்பை அறிந்து நடப்பது, இரண்டையும் பேணுவதற்கு மாணவர் எடுத்துவைக்கும் முதற்படியாகும்.