அடிப்பிடித்த குக்கரும் ரத்தத்தின் வாசமும்

பருப்பை ஏற்றிவிட்டு போனில் பேச உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். முதலில் விசில் நிற்கும். பிறகு மெல்ல ஒரு வாசம் வரும். ஓடிப்போய் அடுப்பை அணைப்போம். மூடியை உடனே திறக்க முடியாது. மேலாக எடுத்தால் தேறுமா, மொத்தமும் போச்சா? திறக்கும்வரை மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

மூளையின் ரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதமும் ஏறக்குறைய இதேதான். மண்டையோடுதான் மூடி, ரத்தம்தான் தண்ணீர். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டுச் சொன்னார். நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. தொடை வழியே மெல்லிய குழாயை விட்டுக் கட்டியை உருவி எடுப்பது, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட நடக்கிறது. ஆனால் தண்ணீர் திரும்ப வந்ததும் பருப்பு பிழைத்ததும் ஒன்றல்லவே. காய்ந்து சிவந்த பாத்திரத்தில் தண்ணீர் விட்டால் சுர்ரென்று சீறும். திரும்பப் பாயும் ரத்தமும் சில சமயம் அப்படிக் கெடுதல் செய்வதுண்டு.

பாதிப்பை ஸ்கேன் காட்டும்தான். ஆனால் அதை மணிக்கொருதரம் எடுக்க முடியாதே. அதனால்தான் ரத்தத்தில் வாசம் பிடிக்கிறார்கள்.

சீக்கிரம் வருகிற வாசம் நியூட்ரோஃபில். காயம் என்றதும் முதலில் ஓடிவரும் வெள்ளையணு அது. அதே வேளையில், உடல் படும் அதிர்ச்சியில் லிம்போசைட் என்ற இன்னொரு வெள்ளையணு குறையும். சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே இரண்டும் இருக்கும். நியூட்ரோஃபில் 60-உம் லிம்போசைட் 30-உம் என்றால் விகிதம் 2. அதுவே 84, 12 என்றால் 7. சிகிச்சைக்குப் பின் இந்த எண் ஏறினால் தேறுவது கடினமாகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நிமோனியா வந்தாலும், ஸ்டீராய்டு போட்டாலும் இது ஏறும். பக்கத்து வீட்டு அடுப்பிலும் ஏதோ தீயலாம், இல்லையா?

எனக்கு அதிக நம்பிக்கை தருவது நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதம். நரம்பிழைக்கு உள்ளே சட்டம்போல் நிற்பது. இழை அறுந்தால் கசிந்து ரத்தத்துக்கு வரும். அளவு மிகச் சொற்பம், மில்லிலிட்டருக்குப் பைக்கோகிராம் கணக்கு. முதல் சில மணி நேரத்தில் அதிகம் தெரியாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஏறும். தீய்ந்த பாத்திரத்தை ஊறவைத்தால் கரி மறுநாள்தானே மிதந்து வருகிறது! எவ்வளவு கரி என்பதை வைத்து அடி எவ்வளவு போயிற்று என்று சொல்லலாம். வயதானாலும், சிறுநீரகம் பழுதானாலும் இது கூடும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

சர்க்கரை கதையே வேறு. கரைக்கும் ஊசிக்கு முன் கட்டாயம் பார்ப்பது ரத்தச் சர்க்கரையைத்தான். அது எகிறியிருந்தால் தேறுவது மந்தம். அப்படியானால் இன்சுலின் கொடுத்து இறுக்கிப் பிடித்தால்? 2019-இல் வெளிவந்த ஷைன் ஆய்வு 1,151 பேரிடம் அதைச் சோதித்துப் பார்த்தது. 90-ஆம் நாள் பலனில் வித்தியாசமே இல்லை. சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்ததுதான் கூடியது. ஜன்னலைத் திறந்து புகையை விரட்டினால் பருப்பு வெந்துவிடுமா?

ஆகவே ஓர் எண்ணைப் பார்த்து வீட்டார் இடிந்துபோக வேண்டாம். வயது, வரும்போது இருந்த பாதிப்பு, ஸ்கேன், எத்தனை சீக்கிரம் அடைப்பு திறந்தது இவற்றோடு சேர்த்தே மருத்துவர் அதைப் படிப்பார். எந்த ரத்தப் பரிசோதனையும் நம்பகமாகச் சொல்லாத ஒன்று உண்டு: தண்ணீர் எப்போது வற்றியது என்பது. பாதிக்கப்பட்டவரைக் கடைசியாக நலமாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறுங்கள்.