நெல் வேருக்குக் காவல் நிற்கும் நுண்ணுயிர்



சம்பா நடவு முடிஞ்சு பயிர் பச்சைப்பசேல்னு நிற்கும்போது மனசு நிறைஞ்சுதான் இருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையிலே வானம் மூடிக்கிட்டு, ராத்திரி குளிரும் விடியக்காலைப் பனியும் சேர்ந்ததுன்னா நம்ம வயிற்றிலே புளியைக் கரைக்கும். இலையிலே கண் மாதிரி புள்ளி விழும். நடுவிலே சாம்பல் நிறம், ஓரத்திலே பழுப்பு. அதுதான் குலை நோய். கதிர் வந்த பிறகு அது கழுத்திலே பிடிச்சால், கழுத்து கறுத்து ஒடிஞ்சு, மணி பிடிக்காமல் கதிர் பதராகத் தொங்கும். மாசக்கணக்கிலே பட்ட பாடும், நகையை அடகு வைத்துப் போட்ட முதலும் ஒரு வாரத்திலே கை நழுவிப் போகும்.

நோய் கண்ட பிறகு மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அதைவிட, விதைக்கும்போதே வேரிலே ஒரு காவல் போட்டு வைக்க முடியுமா? முடியும். அந்தக் காவலுக்குப் பெயர் சூடோமோனாஸ். உங்களிலே பல பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பீங்க. சில பேர் வாங்கிப் போட்டும் பார்த்திருப்பீங்க. ‘போட்டேன், ஒண்ணும் பலிக்கலே, வெறும் சுண்ணாம்புத் தூளைக் காசு கொடுத்து வாங்கின கதைதான்’ என்று சொல்பவர்களும் உண்டு. ஏன் பலிக்கவில்லை என்பதையும் சேர்த்தே இன்றைக்குப் பார்ப்போம்.

முதலிலே இது என்னவென்று தெரிஞ்சுக்கணும். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்பது மண்ணிலே இயற்கையாக வாழும் ஒரு பாக்டீரியா. கண்ணுக்குத் தெரியாது. பயிரின் வேர் சும்மா இருப்பதில்லை. சர்க்கரையும் அமிலமும் கலந்த ஒரு கசிவை மண்ணிலே விட்டுக்கிட்டே இருக்கும். அதைத் தின்பதற்கு நுண்ணுயிர்கள் வேரைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாகச் சேரும். 1904-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹில்ட்னர், வேரைச் சுற்றியுள்ள இந்த மண்ணுக்குத் தனிப் பெயர் வைத்தார். அந்தக் கூட்டத்திலே நல்லவனும் உண்டு, கெட்டவனும் உண்டு. பயிரை வளர்க்கும் நல்ல பாக்டீரியாக்களை 1978-ல் அமெரிக்காவின் குளோப்பர், ஷ்ராத் என்ற இரண்டு அறிஞர்கள் தனி இனமாக எடுத்துச் சொன்னார்கள். நம்ம ஊரிலே, கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலே பி.எஃப்.1 என்ற ரகத்தைத் தேர்ந்தெடுத்து, டால்க் பவுடரிலே கலந்து தூளாகக் கொடுக்கும் முறையைக் கொண்டு வந்தார்கள்.

இந்தப் பாக்டீரியா என்ன வேலை செய்யுது? நாலு வேலை செய்யுது.

ஒன்று, இடம் பிடிப்பது. விதை முளைக்கும்போதே வேரோடு ஒட்டிக்கிட்டுப் பெருகி, கசிவைத் தின்றுவிடும். பின்னாலே வரும் நோய்ப் பூஞ்சைக்கு இடமும் இல்லை, சாப்பாடும் இல்லை.

இரண்டு, இரும்புச்சத்தை மடக்குவது. பூஞ்சை வளர இரும்பு வேணும். இந்தப் பாக்டீரியா மஞ்சள் கலந்த பச்சை நிறத்திலே ஒரு பொருளைச் சுரந்து, சுற்றியுள்ள இரும்பைக் கவ்விக்கொள்ளும். தண்ணீர் கட்டாத தோட்டக்கால் மண்ணிலே இந்த வேலை நன்றாக எடுபடும்.

மூன்று, எதிர்ப்பது. பூஞ்சையை ஒடுக்கும் பொருள்களையும், அதன் மேல் தோலைக் கரைக்கும் நொதிகளையும் இது உண்டாக்கும்.

நாலாவதுதான் குலை நோய்க்கு முக்கியம். ‘நோய் வருவது இலையிலே, பாக்டீரியா இருப்பது வேரிலே, எப்படி ஐயா தடுக்கும்?’ என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேரிலே இது குடியேறியதும், பயிர் தன் உடம்பு முழுவதையும் தயார்ப்படுத்திக்கொள்ளும். பூஞ்சை வந்து இலையிலே உட்கார்ந்தால், மற்ற பயிரைவிடச் சீக்கிரமாக எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும். குழந்தைக்கு அம்மை வரும் முன்னே தடுப்பூசி போடுகிறோமே, கிட்டத்தட்ட அது மாதிரி.

இது போக, வேர் வளர்ச்சியைத் தூண்டும் பொருளையும் சுரக்கும். மண்ணிலே கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்தும் கொடுக்கும். அதனாலே நாற்று வாளிப்பாக வரும்.

இனி, எப்படிப் போடணும்? கணக்கு ஒரு ஏக்கருக்குச் சொல்கிறேன்.

விதை நேர்த்தி: ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் தூள், ஒரு லிட்டர் தண்ணீர். தூளைத் தண்ணீரிலே கரைத்து, விதையை ஒரு ராத்திரி ஊற வைக்கணும். காலையிலே தண்ணீரை வடித்துவிட்டு, வழக்கம்போல் சாக்கிலே மூடி 24 மணி நேரம் முளைகட்டி விதைக்கலாம். உப்புக் கரைசலிலே போட்டுப் பதர் நீக்கும் வழக்கம் இருந்தால், அதை முதலிலே செய்து, நல்ல தண்ணீரிலே இரண்டு மூன்று தடவை அலசிய பிறகே இதிலே ஊற வைக்கணும்.

நாற்றை நனைப்பது: கால் சென்ட் இடத்திலே சின்னதாக வரப்புக் கட்டி, ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிறுத்தி, ஒரு கிலோ தூளைத் தூவிக் கலக்கி விடுங்க. பறித்த நாற்று முடிகளின் வேர் அதிலே அரை மணி நேரம் நனையட்டும். பிறகு நடலாம்.

வயலிலே இடுவது: நட்ட 30-ஆம் நாள், ஒரு கிலோ தூளை 20 கிலோ மக்கிய தொழு உரத்திலே அல்லது மணலிலே கலந்து சீராகத் தூவணும்.

தெளிப்பது: நட்ட 45-ஆம் நாள், லிட்டருக்கு 5 கிராம் வீதம் 200 லிட்டருக்கு ஒரு கிலோ. தூளைக் கரைத்துத் துணியிலே வடிகட்டுங்க, இல்லாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைச்சுக்கும். சாயங்கால வேளையிலே தெளிக்கணும். உச்சி வெயில் இந்தப் பாக்டீரியாவுக்கு ஆகாது.

சரி, பலிக்காமல் போவது ஏன்? இது மருந்து இல்லை, உயிர். இதை மறந்துவிடுவதுதான் காரணம். பாலிலே உறை மோர் ஊற்றுகிறோம். அந்த மோரைக் கொதிக்க வைத்து ஊற்றினால் தயிர் தோயுமா? பூச்சிமருந்துக் கடையிலே தகரக் கூரையின் கீழே மாசக்கணக்கிலே வெந்து கிடந்த பொட்டலமும் அப்படித்தான். தூள் இருக்கும், உள்ளே உயிர் இருக்காது. ஆகவே வாங்கும்போது தயாரித்த தேதி, காலாவதித் தேதி இரண்டையும் பாருங்க. ஒரு கிராமிலே குறைந்தது 10 கோடி பாக்டீரியா இருக்கணும்; அந்த எண்ணிக்கை பொட்டலத்திலே போட்டிருக்கான்னு பாருங்க. வாங்கியதை வெயில் படாத, குளிர்ந்த இடத்திலே வையுங்க. உர மூட்டைக்கும் பூச்சிமருந்து டப்பாவுக்கும் பக்கத்திலே வைக்காதீங்க.

இன்னொரு தவறு, ரசாயனப் பூஞ்சாண மருந்தோடு ஒரே வாளியிலே கலப்பது. தாமிரம் கலந்த மருந்தும், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தும் இதையும் சேர்த்தே கொன்றுவிடும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களோடு சேர்த்துப் போடலாம், ஒன்றை ஒன்று கெடுக்காது.

மூன்றாவது தவறு, நோய் முற்றிய பிறகு இதை நம்பி உட்காருவது. இது காவல்காரன். திருடன் வீட்டுக்குள்ளே புகுந்து பெட்டியைத் திறந்த பிறகு காவல்காரனை வைத்து என்ன பிரயோசனம்? புள்ளி பரவ ஆரம்பிச்சுட்டால், தாமதிக்காமல் உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரைக் கேட்டு, அவர் சொல்லும் மருந்தை அடிக்க வேண்டியதுதான். அதே மாதிரி, யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் குலை நோய்க்கு நாமே விருந்து வைத்த மாதிரி. எத்தனை காவல் போட்டாலும் நிற்காது. தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுங்க.

நோய் இருக்கட்டும், புழுவுக்கு இப்படி ஏதும் உண்டான்னு கேட்பீங்க. உண்டு. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று இன்னொரு மண் பாக்டீரியா. 1901-ல் ஜப்பானிலே நோயுற்ற பட்டுப்புழுவிலே இதைக் கண்டுபிடித்தார் இஷிவாடா. இதைத் தின்ற புழுவின் குடல் புண்ணாகி, இரை எடுக்காமல் செத்துப்போகும். காலிஃபிளவர், முட்டைக்கோஸ் பயிரிலே வைர முதுகு அந்துப் பூச்சியின் புழுவுக்கு இது நல்ல மருந்து. ஆனால் ஓர் எச்சரிக்கை. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரித் தோட்டத்துப் பக்கமே இதைக் கொண்டு போகக் கூடாது. இது நல்ல புழு, அது கெட்ட புழு என்று இந்தப் பாக்டீரியாவுக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். இந்தப் போகத்திலே ஒரு வயலுக்கு மட்டும் சூடோமோனாஸ் போடுங்க. அதே ரகம், அதே உரம், அதே நாளிலே நட்ட பக்கத்து வயலை அப்படியே விடுங்க. 30-ஆம் நாள் இரண்டிலும் நாலு குத்தைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்க. பனிக்காலத்திலே எந்த வயலிலே புள்ளி அதிகம் என்று எண்ணிப் பாருங்க. அறுவடையிலே மூட்டையை எண்ணிப் பாருங்க. உங்கள் வயல் சொல்வதைக் கேட்டு அடுத்த போகத்துக்கு முடிவு செய்யுங்க.