வெந்நீரும் விளக்கும்

மலைநாட்டு இல்லத்தார்க்கு நாள்தோறும் வேண்டப்படுவன இரண்டு: இரவில் விளக்கு, குளிரில் வெந்நீர். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலுள்ள பண்டாரவளையில், மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் தண்ணீரைத் தொட்டவர் இதனை நன்கறிவர். இரண்டையும் மின்சாரம் தரவல்லதாதலின், இரண்டும் ஒரு தன்மைய என்று கருதுவார் பலர். அது பொருந்தாது. விளக்கு வேண்டுவது சிறிதளவு சக்தி. வெந்நீர் வேண்டுவதோ பேரளவு சக்தி. வீட்டுச் சிக்கனத்தின் தொடக்கம் இவ்வேறுபாட்டை உணர்தலேயாம்.

ஒரு லீற்றர் நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்துதற்கு ஏறத்தாழ 4,200 யூல் சக்தி வேண்டும். 18 பாகையிலுள்ள 30 லீற்றர் நீரை 40 பாகைக்குக் கொணர்வதாயின், முக்கால் அலகுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரம் செலவாகும். 9 வாற்று விளக்கொன்றை இரவுக்கு 5 மணி நேரமாக 17 இரவுகள் எரித்தற்கு அம்மின்சாரம் போதும். ஒருவர் ஒரு முறை நீராடுவதும் ஒரு விளக்கு அரைத்திங்களுக்கு மேலாக எரிவதும் செலவில் ஒன்றே என்பது இதனாற் பெறப்படும்.

முதலில் விளக்கை நோக்குதல் தகும். மின்சாரம் எட்டாத குடியிருப்புகளில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே நெடுங்காலம் எரிந்தது. அது கவிழ்ந்து தீப்பற்றியதால் வெந்து மாண்டோர் பலர். அத்தீப்புண்களைக் கண்டு வருந்திய அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, கனமும் குட்டையுமாய், பக்கங்கள் தட்டையாய், உருளாது நிற்கும் திருகுமூடி விளக்கொன்றை ஆக்கினார். அப்பணிக்காக 1998இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். மின்சாரத்தோடு வந்த இழைக்குமிழ் தீயச்சத்தைக் குறைத்ததாயினும், தான் பெறும் சக்தியிற் பத்திலொரு பங்கைத்தானும் ஒளியாக்குவதில்லை; எஞ்சியதெல்லாம் வெப்பமாய்க் கழியும். இன்று எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி அக்குறையைப் பெரிதும் நீக்கியுள்ளது. அதன் வெண்ணிற ஒளிக்கு வழிதிறந்த நீலநிற இருவாயியை ஆக்கிய அக்கசாக்கி, அமனோ, நக்கமுறா ஆகிய மூவரும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். 60 வாற்று இழைக்குமிழ் தரும் ஒளியை 8 அல்லது 9 வாற்றிலேயே இது தரும். வாங்குவோர் உறையிற் குறித்த வாற்றை மட்டும் நோக்காது, ஒளியளவைக் காட்டும் லூமன் எண்ணையும் நோக்குதல் வேண்டும். சிறிய அறையொன்றுக்கு 700 முதல் 800 லூமன் வரை போதுமானது.

வெந்நீர் இத்துணை எளிதிற் தீர்வதன்று. மின்சாரத்தை வெப்பமாக்குங்கால் வீணாவது சிறிதே. ஆயினும், எத்துணை நுட்பமான கருவியும் நீர் வேண்டும் வெப்பத்தைக் குறைத்தல் இயலாது. நாள் முழுதும் நீரைச் சூடாக வைத்திருக்கும் கீசர்த் தொட்டி, பயன்படாத வேளையிலும் வெப்பத்தை இழக்கும். உடனுக்குடன் சூடாக்கும் கருவியில் அவ்விழப்பு இல்லை. ஆனால், அது பல கிலோவாற்று வலுவை ஒருங்கே இழுப்பதால், தடித்த கம்பியும், நிலத்தொடுப்பும், மின்கசிவில் தானே துண்டிக்கும் ஆளியும் அதற்கு இன்றியமையாதன. பழைய கம்பியிணைப்புள்ள லயக் காம்பராக்களில் அதனைப் பொருத்துதல் உயிருக்கே ஊறாகும்.

ஞாயிற்றின் வெப்பம் விலையின்றிக் கிடைப்பது. மார்கழியில் ஞாயிறு தென்பாற் சாய்ந்து செல்வதால், சூரிய வெந்நீர்க்கருவியின் தட்டும் தெற்கு நோக்கிச் சாய்ந்திருத்தல் நன்று. எனினும், வடகீழ்ப் பருவமழை ஊவாவை முகில்களால் மூடும் காலமும் அதுவேயாதலின், வெந்நீர் மிக வேண்டும் நாளில் அக்கருவி தளர்தல் கூடும். நீர் மிகச் சூடாயிருப்பது பிற்பகலில். கொழுந்து பறித்து மீள்வோர் நீராடுவதும் மாலையில். இப்பொருத்தம் தோட்ட இல்லங்களுக்கு வாய்த்ததொரு நலமாகும்.

கருவி வாங்கும் வசதியில்லார்க்கு அடுப்பே துணை. கவ்வாத்துச் செய்த தேயிலையின் மிலாறு அங்கு விறகாகிறது. ஈர விறகும் மூன்று கல்லடுப்பும் புகையை மிகுவித்துப் பெண்டிர், குழந்தையரின் நெஞ்சை வருத்தும். நன்குலர்ந்த மிலாறு, மூடியிட்ட பானை, புகைபோக்கி ஆகிய மூன்றும் அவ்வருத்தத்தைத் தணிக்கும். அனகி எனப்படும் இருவாய் மண்ணடுப்பில், முதற் பானையைச் சுட்ட அனலே இரண்டாம் பானையிலும் படும். சோறு வேகும்போதே குளிக்கும் நீரும் சூடாகும்.

இச்சிக்கனம் மின்கட்டணத்தோடு முடிவதன்று. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம் தோண்டப்பட்டபோது, 2014ஆம் ஆண்டின் இறுதியில் நிலத்தடி நீர் சுரங்கத்துட் பெருகிப் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன, பயிர்கள் வாடின. 120 மெகாவாற்று மின்நிலையம் 2024 ஏப்பிரலில் திறக்கப்பட்டது. மின்சாரம் மலையின் நீரை விலையாகக் கொண்டும் வரலாம் என்பதை அவ்வூரார் பட்டறிந்தனர். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட காலையில், சிறு மின்கலத்தாலும் ஏற்றத்தக்க விளக்கே மாணவர்க்கு உதவிற்று.

ஆகவே, மின்சாரத்தை முதலில் ஒளிக்கு ஆக்குக. வெப்பத்தை இயன்றவரை ஞாயிற்றிடமும் நல்லடுப்பிடமும் பெறுக. எஞ்சிய குறைக்கே மின்வெப்பத்தை நாடுக. இம்முறை வரிசையைப் பேணும் இல்லத்தில் விளக்கும் குறையாது, வெந்நீரும் குறையாது. ஊரின் நீருக்கும் ஊறு குறையும்.