பவர் கார்டு குறுக்கு வழியா?

"முதல்ல ஒழுங்கா பார் கார்டு கத்துக்கோ, பவர் கார்டு எல்லாம் ஏமாத்து வேலை." கிட்டார் வாங்கின எல்லார்கிட்டயும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லியிருப்பாங்க. எஃப் பார் கார்டுல விரல் வலிச்சு, கிட்டாரைச் சுவத்துல மாட்டினவங்க எத்தனையோ பேர். அவங்களுக்காகத்தான் இந்த எபிசோடு.

மேஜர் கார்டுல மூணு ஸ்வரம்: ச, க, ப. காந்தாரத்தைத் தூக்கிட்டா மிச்சம் ச, ப. அதுதான் பவர் கார்டு. தம்புராவுல கேட்கிற அதே ஜோடி. மேஜரா மைனரான்னு சொல்றது காந்தாரம்தான். அது இல்லாததால பாடுறவர் எந்தப் பக்கம் போனாலும் கிட்டார் சண்டைக்கு வராது.

ஏன் தூக்கணும்? டிஸ்டார்ஷன் போட்டா, நீங்க வாசிச்ச ஸ்வரங்களோட அதிர்வெண்களைக் கூட்டியும் கழிச்சும் வர்ற புது ஒலிகளும் சேர்ந்து வரும். 110 ஹெர்ட்ஸ்ல ஏ, கிட்டத்தட்ட 165-ல ஈ. வித்தியாசம் 55. அதுவும் ஏ தான், ஒரு ஸ்தாயி கீழே. ரெண்டு விரல்ல அவ்வளவு கனம் அங்கிருந்துதான் வருது. நடுவுல காந்தாரம், சுமார் 139 ஹெர்ட்ஸ், வந்தா வித்தியாசம் 29, 26-னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம வரும். காதுக்குச் சேறு.

இன்னொரு விஷயம். பிளாக் சபாத் டோனி ஐயோமி 17 வயசுல, பர்மிங்காம் தொழிற்சாலை விபத்துல வலது கையில ரெண்டு விரல் நுனியை இழந்தவர். இடது கைக்காரர், அதனால கம்பியை அழுத்துற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செஞ்சு, மெல்லிசு கம்பி மாட்டி வாசிச்சார். முழு கார்டு பிடிக்கிறது அந்த விரல்களுக்குச் சிரமம், பவர் கார்டு சாத்தியம். ஹெவி மெட்டலுக்கு அஸ்திவாரம் போட்ட கை அது. அவர்கிட்ட போய் ஏமாத்து வேலைன்னு சொல்லிப் பாருங்க!

சரி, கிட்டாரை எடுங்க. தடிச்ச ஆறாவது கம்பியில அஞ்சாவது ஃப்ரெட், ஆள்காட்டி விரல். அஞ்சாவது கம்பியில ஏழாவது ஃப்ரெட், மோதிர விரல். இது ஏ5. அப்படியே மூணாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்தினா ஜி5, எட்டாவதுல சி5. நம்ம ஆபீஸ் பாஷையில, ஒரே ஃபங்க்ஷன், இன்புட் மட்டும் வேற.

சத்தம் வர வைக்கிறது சுலபம். மத்த கம்பிகளை வாயடைக்கிறதுதான் நிஜ வேலை. ஆள்காட்டி விரலோட அடிப்பக்கத்தை மெல்லிசு கம்பிங்க மேல லேசா படுக்க வைங்க, அழுத்தாதீங்க. இதை டிஸ்டார்ஷன் போட்டுத்தான் பழகணும். கிளீன் டோன்ல பக்கத்துக் கம்பி முனகுறது சரியா காதுலயே விழாது.