கிளினிக் சுவரில் சுஸ்ருதர்

நம்ம பழங்கால அறுவை மருத்துவர் சுஸ்ருதர், அமெரிக்க டாக்டர்களின் கிளினிக் சுவர்களில் படமாகத் தொங்கினார், தெரியுமா?

வரைந்தவர் ராபர்ட் தாம். விளம்பரப் படங்கள் வரைந்து பிழைத்த ஓவியர். 1950களில் டெட்ராய்ட் நகரத்து மருந்துக் கம்பெனியான பார்க்-டேவிஸ், மருத்துவ வரலாற்றையே வரிசையாக வரைந்து தரும்படி அவரிடம் கேட்டது.

சுஸ்ருதர் படத்தை நீங்கள் பார்க்கணும்! ஒருவருடைய காது மடலைச் சீரமைக்கத் தயாராகிறார். மயக்க ஊசியெல்லாம் ஏது அப்போது? மது கொடுத்திருக்கிறார்கள். அது போதாதென்று உறவுக்காரர்கள் சுற்றி நின்று ஆளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சுஸ்ருதரின் முகம் மட்டும் ஓவியரின் கற்பனைதான். அவரை நேரில் பார்த்தவர் யார் இருக்கிறார்கள்!

அச்சுப் பிரதிகள் ஊர் ஊராகப் போயின. அசல் ஓவியங்களோ கம்பெனி வசமே இருந்தன. பின்னாளில் பார்க்-டேவிஸ் ஃபைசரின் கைக்குப் போனது. அந்த மருத்துவ வரலாற்று அசல்களை ஃபைசர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டது. அந்தப் பக்கம் உறவுக்காரர்கள் யாராவது இருந்தால், சுஸ்ருதரைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள்!